புது வீட்டில் காஸ் இல்லாத சமையலறை வேண்டுமா? பூச்சு வேலைக்கு முன்பே செய்ய வேண்டியவை

அமெரிக்காவில் பெர்க்லி நகரம் புதுக் கட்டடங்களுக்கு காஸ் குழாய் கூடாது என்று 2019இல் சட்டம் போட்டது, 2023இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியூயார்க் மாநகராட்சியும் 2021இல் கிட்டத்தட்ட இதே வழியில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சென்னையில் அப்படி ஒரு விதி வரும்வரை காத்திருக்காதீர்கள். சுவர் செங்கல்லாக இருக்கும்போது மின் அடுப்புக்கு வயர் இழுப்பது சுலபம், செலவும் குறைவு. பூச்சும் டைல்ஸும் முடிந்த பிறகு காடி வெட்டி இழுப்பது பெரிய பாடு.

மடிப்பாக்கத்தில் நாங்கள் வாங்கிய ஃப்ளாட்டில் சமையலறை முழுவதற்கும் ஒரே லைன். இன்டக்‌ஷனில் குக்கரை வைத்துவிட்டு கெட்டிலையும் போட்டால் எம்சிபி (லோடு மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) விழுந்துவிடும், ஃப்ரிட்ஜும் சேர்ந்து நிற்கும். கடைசியில் டைல்ஸை உடைத்துத்தான் தனி லைன் போட்டோம். அதே நிற டைல்ஸ் கிடைக்கவில்லை, மேடைக்கு மேலே இரண்டு மட்டும் இன்னும் வேறு நிறத்தில் நிற்கின்றன.

சரி, முதலில் லோடு கணக்கு. ஒரு இன்டக்‌ஷன் அடுப்பு சுமார் 2 கிலோவாட், கீசர் இன்னொரு 2, ஒன்றரை டன் ஏசி ஏறத்தாழ ஒன்றரை. இரண்டு அடுப்பு, ஒரு கீசர், ஒரு ஏசி என்றாலே ஏழு கிலோவாட்டைத் தாண்டிவிடும். அதனால் ஈபி இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போதே த்ரீ ஃபேஸ் கேளுங்கள், குறைந்த லோடு காட்டிப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அடுத்து வயரிங். மேடையில் இரண்டு 16 ஆம்பியர் பாயிண்ட், ஒவ்வொன்றுக்கும் எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து தனி 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு லூப் அடிக்க விடாதீர்கள், எலக்ட்ரீஷியன் ஊருக்குப் போன நாளில் உதவியாள் செய்யும் வேலை பெரும்பாலும் இதுதான். நாலு பர்னர் வைத்த, மேடையில் பதிக்கிற ஹாப் வாங்கும் எண்ணம் இருந்தால் 6 ஸ்கொயர் வயரும் 32 ஆம்பியர் எம்சிபியும் வேண்டும். மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் ஆர்சிசிபி, நல்ல எர்த் இரண்டும் கட்டாயம், ஈரக் கையோடு நிற்கிற இடம் அது. பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து வையுங்கள், பின்னால் ஆணி அடிக்கும்போது அருமை தெரியும். அபார்ட்மெண்ட் என்றால் இவை எல்லாம் பில்டரோடு போடும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

மீட்டர் போர்டை உயரத்தில் வையுங்கள். 2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருவில் கேளுங்கள், பக்கத்து வீட்டு காம்பவுண்டில் அந்தக் கறை இன்னும் இருக்கலாம். அதற்கு மேலே போர்டு.

பாத்திரத்துக்கு ஒரு காந்தம் போதும். அடியில் ஒட்டினால் இன்டக்‌ஷனில் வேலை செய்யும். இரும்பு தோசைக்கல்லில் ஒட்டும், ஆனால் அடி தட்டையாக இருக்க வேண்டும். ஈயச்சொம்பு, மண்சட்டி, கல்சட்டி எதிலும் ஒட்டாது, ஈயச்சொம்பு ரசம் விட முடியாது என்பவர்கள் காந்தம் ஒட்டாத பாத்திரத்தையும் சூடாக்கும் ஒரு இன்ஃப்ராரெட் அடுப்பும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். தோசைக்காக வாங்குகிறீர்கள் என்றால் அடுப்புக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் (காயில்) அகலத்தைப் பார்த்து வாங்குங்கள், சின்னக் காயிலில் நடு முறுகிக் கருகும்போது ஓரம் வெள்ளையாகவே இருக்கும்.

பில்லைப் பற்றி ஒன்று. மாதம் ஒரு சிலிண்டர் தீர்கிற வீட்டில் அந்தச் சமையல் முழுவதும் மின்சாரத்துக்கு மாறினால் இரண்டு மாத ரீடிங்கில் 200 யூனிட்டுக்கு மேலேயே கூடும், கட்டண ஸ்லாபும் ஏறும். தனி வீடு என்றால் மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் போடுங்கள், வெயில் நாளில் 12 யூனிட் வரை வரும், மத்திய அரசுத் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் உண்டு.

அப்புறம் கரண்ட் கட். விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் இன்டக்‌ஷனைத் தாங்காது. புயல் நாட்களுக்கு 5 கிலோ சிலிண்டரும் ஒற்றை பர்னர் அடுப்பும் வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைக்குப் பாலாவது காய்ச்சலாம். அதற்கு ஜன்னல் ஓரமாக, காற்று வரும் ஒரு மூலையை பிளானிலேயே ஒதுக்கச் சொல்லுங்கள்.