சுரங்க ரயிலில் தீ: விசிறியைப் போடும் முன் பார்க்க வேண்டியவை

விறகடுப்பை ஊதுகுழலால் ஊதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊதுகிறவர் தப்பித்துக்கொள்வார், எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் கண்ணைக் கசக்குவார். சுரங்க ரயில் பாதையில் இருக்கும் ராட்சத விசிறிகளும் அப்படித்தான். புகையை ஒரு பக்கம் தள்ளிவிடும், அவ்வளவே. தள்ளும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் சுவிட்சைப் போடுவதுதான் இதில் ஆகப் பெரிய தவறு.

1995 அக்டோபர் 28, சனிக்கிழமை மாலை. அஜர்பைஜான் தலைநகர் பாக்குவில், உல்துஸ் நிலையத்திலிருந்து நரிமானோவ் நிலையத்துக்குக் கிளம்பிய ஐந்து பெட்டி ரயில் சுமார் 200 மீட்டர் போனதும் நின்றுவிட்டது. நான்காவது பெட்டியின் மின்கருவியில் பழுது, தீப்பிடித்துவிட்டது. உல்துஸ் கூப்பிடு தூரம்தான். ஆனால் அந்தப் பக்கம் புகை மறித்துக்கொண்டது. வெளியே வர முடிந்தவர்களில் பெரும்பாலோர் நரிமானோவை நோக்கி நடந்தார்கள். ஏறக்குறைய 2 கிலோமீட்டர். கால் மணி நேரம் போல ஆனதும் காற்றோட்டத்தை மாற்றினார்கள். புகை இவர்கள் போன பக்கமே திரும்பியது.

அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 289 பேர், மீட்பவர்கள் மூவர் உட்பட. எல்லாப் பழியையும் விசிறி மேல் போட முடியாது. பலர் பெட்டியை விட்டு இறங்கவே இல்லை. கதவுகளைத் திறக்கச் சிரமம். உள்ளே எரிந்த செயற்கைப் பொருட்களோ நச்சுப் புகையைக் கக்கின. அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனை கிடையாது. ஈரத்துணியை மூக்கில் பொத்தினாலும் அது நிற்காது.

சரி, சரியாகச் செய்வது எப்படி? தீக்கு ஒரு பக்கமிருந்து புதுக்காற்றைத் தள்ளி, மறுபக்கம் புகையை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். பயணிகள் புதுக்காற்று வரும் பக்கம் போக வேண்டும், அதாவது காற்று முகத்தில் அடிக்க நடக்க வேண்டும். இதில் அரைகுறை வேகம் உதவாது. காற்று மெதுவாக வந்தால், சூடான புகை கூரையை ஒட்டியபடி அதை எதிர்த்துப் பின்னோக்கி ஊர்ந்து வரும். தீயின் அளவையும் பாதையின் சரிவையும் பொறுத்து, இதைத் தடுக்க நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகமாவது தேவைப்படலாம்.

ரயிலின் நடுப்பெட்டியில் தீ என்றால் இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். எந்தப் பக்கம் ஊதினாலும் யாராவது புகையில் மாட்டுவார்கள். எந்தப் பெட்டி, எத்தனை பேர் எந்தப் பக்கம் இறங்கினார்கள் என்று கேட்காமல் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உத்தரவு போடக்கூடாது என்பது இதனால்தான்.

பாக்கு பழைய சோவியத் காலத்து அமைப்பு என்று ஒதுக்கிவிடலாமா? 2015 ஜனவரி 12 அன்று வாஷிங்டனில், லான்ஃபான்ட் பிளாசா நிலையத்தை விட்டுக் கிளம்பிய ரயில் சுரங்கத்துக்குள் புகையில் நின்றது. ரயிலில் தீயே இல்லை. தண்டவாளத்தருகே மின்கம்பி கருகிய புகைதான். நிலையத்து விசிறிகளை உறிஞ்சும் நிலையில் ஓடவிட்டார்கள். புகை ரயில் இருந்த பக்கமே இழுபட்டது. போதாக்குறைக்கு ரயிலின் சொந்தக் காற்றோட்டத்தையும் உடனே நிறுத்தவில்லை. வெளியே இருந்த புகையை அது பெட்டிக்குள் கொண்டுவந்தது. ஒருவர் இறந்தார். என்னைக் கேட்டால், ஓட்டுநர் முதலில் தொட வேண்டியது அந்த ஏசி சுவிட்சைத்தான்.

அப்புறம், மற்ற ரயில்கள். ஓடும் ரயில் காற்றை பிஸ்டன் போலத் தள்ளும். விசிறிக் கணக்கெல்லாம் தவறிவிடும். தென்கொரியாவின் தேகு நகரில் 2003 பிப்ரவரி 18 அன்று நடந்தது அதைவிட மோசம். எரிந்துகொண்டிருந்த ரயிலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ரயிலை நிலையத்துக்குள் வரவிட்டார்கள். இறந்த 192 பேரில் பெரும்பாலோர் இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள்.

சரிவான சுரங்கம் என்றால் விசிறியே வேண்டாம், அது தானாகவே புகைபோக்கி ஆகிவிடும். ஆஸ்திரியாவின் காப்ருனில் 2000 நவம்பர் 11 அன்று, மலையேறும் ரயிலின் பின்பகுதியில் தீப்பிடித்தபோது பலரும் அதற்கு எதிர்த்திசையில், மேலே ஏறி ஓடினார்கள். புகையும் மேலேதான் போனது. மொத்தம் 155 பேர் இறந்தார்கள். ரயிலில் இருந்து பிழைத்த 12 பேர், தீயைத் தாண்டிக் கீழே இறங்கியவர்கள்.