எல்எஸ்டி கிரவுனில் ஃப்ரிக்ஷன் மாடிஃபயர்: கை தவறும் இடங்கள்

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது பின்னாலிருந்து 'டர்ர்... டக் டக்' என்று ஓர் உதறல் வரும். சிமெண்ட் தரையில் மர நாற்காலியைத் தரதரவென்று இழுத்தால் கேட்குமே, அதே சத்தம். நேராக ஓட்டினால் ஒன்றும் இருக்காது. பின் ஆக்ஸில் நடுவில் இருந்து, திருப்பத்தில் இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல், நம் பேச்சில் கிரவுன். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் விசை போகும்படி செய்தது லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், சுருக்கமாக எல்எஸ்டி. அது உள்ள வண்டியில் இந்த உதறல் வந்தால் எல்லோரும் சொல்லும் மருந்து, கிரவுன் ஆயிலோடு சேர்க்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபயர் பாட்டில். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் அமெரிக்க வண்டிகளுக்குக் கீழே படுத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. மருந்தில் குறை இல்லை, எந்த வண்டிக்கு எவ்வளவு என்பதில்தான் சொதப்புகிறார்கள்.

நாற்காலி உதாரணத்தைச் சும்மா சொல்லவில்லை. நிற்கும் பொருளை நகர்த்த ஆரம்பிப்பதற்கு வேண்டிய விசை அதிகம், நகர்ந்த பிறகு குறைவு. அதனால் கால் ஒட்டும், விடும், மறுபடி ஒட்டும். எல்எஸ்டிக்குள் அடுக்கியிருக்கும் கிளட்ச் பிளேட்டுகளும் மெதுவான திருப்பத்தில் இதையேதான் செய்கின்றன. மாடிஃபயரின் மூலக்கூறுகள் பிளேட்டில் மெல்லிய படலமாகப் படிந்து அந்த முதல் பிடியைத் தளர்த்துகின்றன. பிளேட் வழுக்கியபடியே சுற்றும், உதறல் நிற்கும்.

ஆக, பிளேட் இல்லாத இடத்தில் இந்தப் பாட்டிலுக்கு வேலை இல்லை. (பிளேட்டுக்குப் பதில் கூம்பு உரசும் கோன் வகை எல்எஸ்டி ஒன்று உண்டு, அதற்கு மட்டும் தேவை.) டொயோட்டா 86-இல் வரும் டோர்சென் என்ற எல்எஸ்டி வகை முழுக்கப் பல்சக்கரம், அதில் ஊற்றுவது வீண் செலவு. இன்னும் மோசம், இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டிவிடும் லாக்கர் வகையில் ஊற்றுவது. ஜெனரல் மோட்டார்ஸ் டிரக்குகளில் ஜி80 என்று குறிக்கப்படும் ஈட்டன் கம்பெனி லாக்கருக்குள்ளும் பிளேட் இருக்கிறது, ஆனால் அந்தப் பிளேட்டின் பிடியை வைத்துத்தான் அது பூட்டவே செய்கிறது. அதில் மாடிஃபயர் ஊற்றினால் பூட்ட வேண்டிய நேரத்தில் வழுக்கும். ஊற்றாதே என்று கம்பெனியே சொல்கிறது. நம்மூர் மஹிந்திரா தாரின் பின் ஆக்ஸிலில் வரும் மெக்கானிக்கல் லாக்கிங் டிஃபரன்ஷியலும் ஈட்டன் சரக்குதான். கையேட்டில் இல்லாத எதையும் அதில் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, பழைய ஃபோர்டு ஆக்ஸில் என்றால் கவர் போல்ட்டில் தொங்கும் தகரச் சீட்டைத் துடைத்துப் பாருங்கள். 3எல்73 என்று நடுவில் எல் இருந்தால் எல்எஸ்டி, ரேஷியோ (பல்சக்கர விகிதம்) 3.73. சீட்டு தொலைந்துபோயிருந்தால் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின் இரண்டையும் ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் பிளேட் வகை அல்லது லாக்கராக இருக்கலாம். எதிர்த்திசையில் சுற்றினால் சாதா கிரவுன் என்று முடிவு கட்டாதீர்கள். டோர்செனும் அப்படித்தான் சுற்றும், பிளேட் தேய்ந்துபோன எல்எஸ்டியும் அப்படித்தான்.

அடுத்தது அளவு. ஒருமுறை ஒரு ஃபோர்டு மஸ்டாங் வந்தது. "ஒரு பாட்டில் ஊத்தினேன், குறையல அண்ணே. ரெண்டாவது ஊத்தினதும் சுத்தமா நின்னுடுச்சு" என்றான் தம்பி, பெருமையாக. பிறகு எதற்கு வந்தான் என்றால், ரோட்டோர மணலில் ஒரு சக்கரம் இறங்கியதும் அது மட்டும் சுற்றுகிறதாம், மற்றது அசையவில்லையாம். அவன் வாங்கிய ஆயில் டின்னைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். லிமிடெட் ஸ்லிப்புக்கு ஏற்றது, சேர்மானம் ஏற்கெனவே கலந்தது என்று பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதன்மேல் இரண்டு பாட்டில்! எல்எஸ்டிக்குக் காசு கொடுத்து வாங்கி, அதைச் சாதா கிரவுனாக மாற்றிவிட்டான். அதிகம் ஊற்றியதை வடிகட்டிப் பிரிக்க முடியாது, முழு ஆயிலையும் இறக்கத்தான் வேண்டும். இறக்கினேன்.

ஃபோர்டு 8.8 அங்குல ஆக்ஸிலுக்கு வழக்கமான அளவு 4 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 118 மில்லி. அது சேர்மானம் இல்லாத ஆயிலுக்கான கணக்கு. கலந்து வரும் ஆயில் என்றால் முதலில் வெறும் ஆயிலோடு ஓட்டிப் பாருங்கள். உதறினால் மட்டும் 30 மில்லி சேருங்கள், மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

ஊற்றும் வரிசையும் முக்கியம். ஆயில் மட்டத்தைக் காட்டும் லெவல் ஹோல் வழியாக வழியும்வரை ஆயிலை நிரப்பிவிட்டு அப்புறம் பாட்டிலைத் தேடுகிறவர்கள் உண்டு. மாடிஃபயர் எங்கே போகும்? தரைக்குத்தான். முதலில் மாடிஃபயர், அதன்மேல் ஆயில்.

எந்தச் சத்தத்துக்கும் இதையே ஊற்றுவது இன்னொரு பழக்கம். நேர் ரோட்டில் ஸ்பீடு ஏற ஏற ஊளையிட்டால் கிரவுன் பினியன் பல்சக்கரங்கள் அல்லது பேரிங். கியர் போட்டதும் 'டங்' என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் கிராஸ் ஜாயிண்ட்டைப் பாருங்கள். வாதி எனப்படும் மலை ஓடைப் பள்ளத்தில் தண்ணீருக்குள் இறக்கிய வண்டியென்றால், தண்ணீர் புகுந்து ஆயில் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். பழைய ஆயிலில் மாடிஃபயர் செத்துப்போய் உதறினாலும் மேலே மேலே ஊற்றுவதைவிட ஆயிலை மாற்றுவதே சரி.

மாற்றிய உடனே உதறல் போகவில்லை என்று பலர் அன்றைக்கே திரும்பி வந்துவிடுகிறார்கள். புது ஆயில் பிளேட் இடுக்குக்குள் போக வேண்டாமா? ஆயில் சூடானதும் காலி மைதானத்தில் மெதுவாக எட்டு போடுங்கள், ஒரு பத்துத் தடவையாவது. அதற்கப்புறமும், சரியான அளவு இருந்தும் உதறினால் பிளேட் தேய்ந்தோ கருகியோ இருக்கும். கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான்.