வாக்ஸ்விங் வரும் குளிர்காலம்: தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரிட்டனில் சில குளிர்காலங்களில் மட்டும் இந்தக் காட்சி கிடைக்கும். சூப்பர் மார்க்கெட்டின் வாகன நிறுத்துமிடத்தில், காய்கறிப் பையோடு போகிறவர்களுக்கு நடுவே, பத்துப் பேர் தொலைநோக்கியும் கேமராவுமாக ஒரு குட்டை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மரத்தில் வாக்ஸ்விங் என்ற பறவைகளின் கூட்டம் இறங்கியிருக்கும். நம் ஊர்ச் சின்னான் அளவுதான் இருக்கும். தலையில் கொண்டை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, பட்டு போன்ற பழுப்பு உடல், வால் நுனியில் மஞ்சள். இறக்கையில் அரக்கை உருக்கிச் சொட்டுவிட்டது போலச் சிவப்பு முனைகள் தெரியும். 'மெழுகுச் சிறகு' என்று பொருள்படும் அதன் ஆங்கிலப் பெயர் அதனால் வந்தது.

முதல் தவறு, நாள்காட்டியைப் பார்த்து இதற்காகக் காத்திருப்பது. வேடந்தாங்கலுக்குப் பறவைகள் பருவம் தவறாமல் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள், வலசை என்றாலே ஆண்டுதோறும் நடப்பது என்று நினைத்துவிடுகிறோம். வாக்ஸ்விங் அப்படியல்ல. 2010-11, 2012-13, 2016-17, 2023-24 குளிர்காலங்களில் பிரிட்டனுக்குப் பெருங்கூட்டமாக வந்தது. வேறு சில ஆண்டுகளில் கிழக்குக் கரையோரம் விரல்விட்டு எண்ணும்படி சில தென்படும், அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது: குளிர் விரட்டித்தான் அவை வருகின்றன என்று நம்புவது. ஸ்காண்டிநேவியா, பின்லாந்து, ரஷ்யா ஆகிய பகுதிகளின் ஊசியிலைக் காடுகளில் கூடு கட்டும் பறவைக்குப் பனி புதிதல்ல. தாகம் எடுத்தால் பனியையே கொத்தித் தின்னும். அதை இடம்பெயர வைப்பது வயிறு. வடக்கே அதன் முக்கியமான குளிர்கால உணவு ரோவன் மரத்தின் சிவந்த சிறுகனிகள். ரோவன் ஒரு வருடம் கிளை ஒடியும் அளவுக்குக் காய்த்தால், அடுத்த வருடம் ஓய்ந்துபோய்விடும். காய்த்த வருடத்தில் தின்று பெருகிய பறவைகளுக்கு அடுத்த வருடம் மரம் வெறுமையாக இருந்தால் அவை என்ன செய்யும்? கடலைக் கடந்து தெற்கும் மேற்குமாகக் கிளம்பிவிடும். பரிசில் தேடிப் போகும் பாணரைப் பழுமரம் தேடும் பறவைக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். அந்த உவமைக்கு வாக்ஸ்விங்கை விடப் பொருத்தமான பறவை எனக்குத் தெரியவில்லை.

இந்த ரோவன் கணக்கை நார்வேயின் ஆப்பிள் விவசாயிகளும் கவனமாகப் பார்ப்பார்கள். ரோவன் கனிக்குள் வளரும் ஒரு சிறிய அந்துப்பூச்சி, கனி பொய்த்த ஆண்டில் ஆப்பிள் தோட்டத்துக்குள் புகுந்துவிடும். ஒரே மரம் காய்க்காமல் போனதால் அங்கே ஆப்பிளில் புழுவும் இங்கே கார் நிறுத்துமிடத்தில் விருந்தாளிகளும்.

சகுனம் பார்ப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். டச்சு மொழியில் இதன் பெயர் இன்றைக்கும் 'கொள்ளைநோய்ப் பறவை'தான். எதிர்பாராத ஆண்டில் திடீரென்று வந்து நின்றதால் சாவை முன்னறிவிப்பதாகப் பயந்திருக்கிறார்கள். பிரிட்டனிலோ பெர்ரி நிறையக் காய்த்தால் கடும் குளிர் வரும் என்பார்கள். பின்லாந்துக்காரர்கள் இதற்கு நேர் எதிர்: 'ரோவன் இரண்டு சுமை சுமக்காது', அதாவது கனி நிறைந்த ஆண்டில் பனி குறைவு. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? மரம் எவ்வளவு காய்க்கும் என்பது வரப்போகும் குளிரைப் பொறுத்ததல்ல. கடந்துபோன பருவங்களும் பூத்த காலத்து வானிலையும் முடிவு செய்வது அது.

தேடும் இடத்திலும் பலர் கோட்டைவிடுகிறார்கள். காட்டுப் பறவை என்பதால் காட்டுக்குள் அலைவார்கள். நகரத்தில்தான் அழகுக்காக நட்ட ரோவனும், கோட்டோனியாஸ்டர் என்ற சிறுகனிப் புதரும் வரிசையாக நிற்கின்றன. அதனால் கடைத்தெரு, தொழிற்பேட்டை, புதுக் குடியிருப்பு ஆகிய இடங்களில்தான் முதலில் பார்க்க வேண்டும். பழ மரத்தை மட்டும் பார்ப்பதும் போதாது. தின்றதும் பக்கத்திலுள்ள உயரமான மரத்தின் உச்சிக்கு ஏறிச் செரிக்கக் காத்திருக்கும். பிறகு மொத்தமாக இறங்கி ஐந்தே நிமிடத்தில் மறுபடி ஏறிவிடும். பறக்கும்போது, மைனா இனத்து ஸ்டார்லிங் கூட்டம் என்று தலையைத் திருப்பிக்கொள்பவர்கள் ஏராளம், ஏனென்றால் உருவம் அப்படியே இருக்கும். காதைத் தீட்டிக்கொள்வதுதான் வழி. சின்னச் சின்ன மணிகளை ஒரே சமயத்தில் குலுக்கியது போன்ற நடுங்கும் ஒலி கேட்டால் அது ஸ்டார்லிங் அல்ல.

நானே செய்த தவறு ஒன்று. 'நேற்று அறுபது இருந்தன' என்ற செய்தியை நம்பி, காலையில் போய் ஒரு மொட்டை மரத்தின் முன்னால் இரண்டு மணி நேரம் நின்றேன். ஒரு வாக்ஸ்விங் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான பெர்ரிகளைத் தின்னும். அது தன் உடல் எடையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அறுபது பறவை என்றால் மரம் எத்தனை நாள் தாங்கும்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற கணக்கு இங்கே பறவைக்கும் பொருந்தும். அன்று நான் செய்திருக்க வேண்டியது, அடுத்த தெருவில் இன்னும் கனியோடு நிற்கும் மரத்தைத் தேடுவது. மிஸில் திரஷ் என்ற பறவை ஒரே மரத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு வருபவர்களை எல்லாம் விரட்டும். வாக்ஸ்விங்குக்கு அந்த வழக்கமே இல்லை. தீர்ந்தால் கிளம்பிவிடும்.

மனிதரைக் கண்டு அவ்வளவாக மிரளாத பறவை இது. அதைச் சாக்காக வைத்து மரத்தடிக்கே போய் நிற்பதும், கைப்பேசியில் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் தேவையற்ற தொல்லை. பசியோடு வந்த பறவையைத் தட்டிலிருந்து எழுப்புகிறோம் என்று புரிந்தால் போதும். படத்துக்காகச் சாலையின் நடுவே பின்னோக்கி நடப்பவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

புளித்த பழம் தின்று போதையேறிக் கிடக்கிறது என்ற சிரிப்புக் கதை எல்லா முறையும் சரியல்ல. புளித்த கனியைத் தின்பது உண்மைதான். ஆனால் அதைச் சமாளிக்க, உடலளவுக்கு மிகப் பெரிய கல்லீரல் அதற்கு இருக்கிறது. ஜன்னலுக்கடியில் விழுந்து கிடந்தால் கண்ணாடியில் மோதியிருக்கலாம் என்று முதலில் சந்தேகப்படுங்கள். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் விடுங்கள். தெளிந்ததும் வெளியே கொண்டுபோய்ப் பறக்கவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

உணவு வைக்க நினைத்தால் ரொட்டித் துண்டு வேண்டாம். ஆப்பிளைப் பாதியாக வெட்டிக் கிளையில் செருகினால் வரும்.

மரம் நடுவதில் இரண்டு எச்சரிக்கைகள். நாண்டினா என்ற அலங்காரச் செடியின் சிவப்புக் கனியில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. 2009-ல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் இதே குடும்பத்தைச் சேர்ந்த சீடார் வாக்ஸ்விங் பல, அதை வயிறு நிறையத் தின்று இறந்தன. கோட்டோனியாஸ்டரைப் பறவைகள் விரும்பித் தின்றாலும், விதை எச்சத்தின் வழியே எங்கும் பரவுவதால், அதில் சில வகைகளைக் காட்டில் வளரவிடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டப்படி குற்றம். ரோவன், ஹாத்தார்ன், கெல்டர் ரோஸ் மூன்றும் அந்த மண்ணுக்கே உரியவை. ஹாத்தார்ன் வேலியை ஆண்டுதோறும் ஒட்ட வெட்டுகிறவர்கள் பழத்தைப் பார்க்கவே மாட்டார்கள், ஏனென்றால் அது முந்தைய ஆண்டின் கிளையில்தான் பூக்கும்.