ஆறு சுத்தம் செய்யப் போன இடத்தில் ஆங்கிலம்: எங்கே கோட்டை விடுகிறோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றைச் சுத்தம் செய்ய ஆள் திரட்டுகிற குழுக்கள் சில, "அப்படியே பிள்ளைகளுக்கு நாலு இங்கிலீஷ் வார்த்தையும் சொல்லிக் கொடுத்துவிடலாமே" என்று கிளம்புகின்றன. யோசனையில் தப்பில்லை. பொருள் கண்ணெதிரே கிடக்கிறது, கையில் வேலை இருக்கிறது, பேச்சுக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆள் இருக்கிறது, மொழி படிக்க வேறென்ன வேண்டும். செய்கிற விதத்தில்தான் சொதப்பிவிடுகிறோம். தாமிரபரணியை வைத்தே சொல்கிறேன், எனக்குப் பழக்கமான ஆறு அதுதான். மற்ற ஆறுகளிலும் கதை பெரும்பாலும் இதேதான் இருக்கும்.

முதலில் அந்தத் தாள். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று ஐம்பது வார்த்தையை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுகிறார்கள். பார்த்தால் எல்லாம் பெயர்ச்சொல்: பாட்டில், பிளாஸ்டிக், பக்கெட், கிளாஸ், ரப்பர். இதெல்லாம் நம் வீட்டுப் பாட்டிக்கே தெரிந்த வார்த்தைகள். ஆற்றில் இறங்கியதும் வாயில் வருவது வேறு: எடு, இழு, பிடி, விடு, கட்டு, தூக்கு, கொட்டு, பிரி. வேலை நடப்பதே இந்த வினைச்சொற்களில்தான், அவை அந்தத் தாளில் இருக்காது. தண்ணீர் பட்டதும் தாளும் கிழிந்துபோய், எடுக்க வேண்டிய குப்பையோடு சேர்ந்துவிடும்.

பாபநாசத்தில் துணி எடுக்கிற வேலையைப் பாருங்கள். பரிகாரம் செய்து முழுக்குப் போடுகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போவது அங்கே நீண்ட நாள் வழக்கம், அதனால் சுத்தம் செய்ய இறங்கினால் துணிதான் கைக்கு வரும். ஒரு சேலை பாறை இடுக்கில் மாட்டியிருக்கும், நுனி மட்டும் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கும். சும்மா இழுத்தால் வராது, உள்ளே மணல் ஏறிக் கல் மாதிரி கனக்கும். ஒருவர் காலை ஊன்றி இழுக்க, இன்னொருவர் கையை உள்ளே விட்டு மணலை அள்ளிவிட, ஒரு முழம் வரும், நின்றுவிடும். மறுபடி இழுத்தால் அதோடு சுற்றிக்கொண்டு ஒரு வேட்டியும் மாலை நாரும் சேர்ந்து வரும். இந்தக் கொஞ்ச நேரத்துக்குள் 'இட்ஸ் ஸ்டக்', 'புல் ஹார்டர்', 'ஹோல்ட் ஆன்', 'இட்ஸ் டாங்கிள்ட்', 'இட்ஸ் கமிங் அவுட்', 'லெட் கோ' இத்தனைக்கும் தேவை வந்துவிடுகிறது. யாரும் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டாம், தெரிந்தவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்வார்.

இதிலேயே ஒரு சிக்கல். துணி வழுக்கும்போது "விடு, விடு" என்று தமிழில் கத்துவோம். அதையே ஆங்கிலத்தில் 'லீவ் இட், லீவ் இட்' என்று கத்தினால், அது கிடக்கட்டும், எடுக்காதே என்றுதான் பொருள். பிடியை விடு என்பதற்கு 'லெட் கோ'. நம் 'விடு' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். சொல் பட்டியலை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது, அந்த இடத்தில் சொல்லிப் பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

அடுத்தது, ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற வார்த்தைகள். புதிய வார்த்தையைத் தேடித்தேடிப் படிக்கிறவர்கள் இவற்றைக் கவனிப்பதே இல்லை. 'கவர்' என்கிறோமே, கடையில் சாமான் போட்டுக் கொடுக்கிற பை, அது ஆங்கிலத்தில் 'கவர்' இல்லை, 'பிளாஸ்டிக் பேக்'. 'கவர்' என்றால் மூடுகிற உறை, மேலட்டை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது, ஆனாலும் ஆற்றில் அதிகம் சிக்குகிறவற்றில் இந்தப் பையும் ஒன்று. ஆகவே நாள் முழுக்கத் தப்பான வார்த்தையையே சொல்லிக்கொண்டிருப்பீர்கள். 'டிரெஸ்'ஸும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'எ டிரெஸ்' என்றால் பெண்கள் போடுகிற, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த கவுன். சட்டை, வேட்டி, சேலை எல்லாவற்றையும் சேர்த்து 'வீ ரிமூவ்ட் ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்' என்று எழுதினால், வெளிநாட்டில் வாசிக்கிறவர் தாமிரபரணியில் நூறு கவுன் மிதந்ததாக நினைத்துக்கொள்வார். உடை 'க்ளோத்ஸ்', எப்போதும் பன்மைதான். வெறும் துணி 'க்ளாத்'. எண்ணிச் சொல்ல வேண்டுமென்றால் 'பீஸ் ஆஃப் க்ளோதிங்'.

இப்போது குப்பை. அதிகமாகத் தப்பு நடக்கிற இடம் இதுதான் என்பது என் கணிப்பு. தமிழில் ஒரே வார்த்தை போதும் என்பதால் ஆங்கிலத்திலும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அதையே போடுகிறோம். வீட்டிலிருந்து கொண்டுவந்து கொட்டிய குப்பை 'கார்பேஜ்'. வருகிறவர் போகிறவர் கரையில் வீசிவிட்டுப் போன தாள், கப், உறை இதெல்லாம் 'லிட்டர்'. பால் அளக்கிற லிட்டரும் இதுவும் ஒன்றல்ல, அளவை ஆங்கிலத்தில் 'லீட்டர்' என்று நீட்டிச் சொல்ல வேண்டும், நாம் குறிலாகச் சொல்லும்போது உண்மையில் குப்பையைத்தான் சொல்கிறோம். உடைந்து சிதறிக் கிடக்கிற சேதப்பொருள் 'டெப்ரீ'. 2023 டிசம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் வடிந்த பிறகு கரையில் ஒதுங்கிக் கிடந்தவை இந்த வகை: முறிந்த மரம், ஓடு, தகரம். எழுதும்போது கடைசியில் எஸ் வரும், சொல்லும்போது வராது, 'டெப்ரிஸ்' என்று படிக்காதீர்கள். சாக்கடைத் தண்ணீர் 'சூயிஜ்', நம் ஊரில் பரவியிருக்கிற 'சீவேஜ்' எழுத்தைப் பார்த்து நாமாகச் செய்துகொண்டது. வண்டல் 'சில்ட்', அது குப்பையே கிடையாது, ஆற்றின் சொந்தப் பொருள். அதையும் மூட்டைகட்டித் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அது மொழித் தப்பு மட்டும் இல்லை.

இந்த வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குணம், எண்ணிக்கையில் வராது. தமிழில் குப்பைகள், கழிவுகள் என்று தாராளமாகச் சொல்கிறோம், அந்தப் பழக்கத்தில் 'கார்பேஜஸ்', 'லிட்டர்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்' என்று எஸ் ஒட்டிவிடுகிறோம். ஒட்டக்கூடாது. எண்ண வேண்டியது மூட்டையை: 'ஃபைவ் பேக்ஸ் ஆஃப் கார்பேஜ்'. மூட்டை கட்டும்போதே இதைச் சொல்லிப் பழகினால் இலக்கண வகுப்பு தனியாக வேண்டாம்.

பொருளின் பெயர்தான் வேண்டும் என்கிறவர்கள், தாங்களே பட்டியல் தயாரிப்பதை விட்டுவிட்டு, கடற்கரைத் துப்புரவில் பயன்படுத்துகிற கணக்கெடுப்பு அட்டையை எடுத்துக்கொள்ளலாம். 1986-இல் அமெரிக்காவின் டெக்சஸ் கடற்கரையில் தொடங்கிய சர்வதேசத் துப்புரவு நாள் இப்போது பல நாடுகளில் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையை ஒட்டி நடக்கிறது. பொறுக்குகிறவர்கள் எதை எத்தனை எடுத்தோம் என்று அட்டையில் குறிக்க வேண்டும். அதில் வருகிற பெயர்கள் உலகம் முழுக்க ஒரே மாதிரி புழங்குகிறவை: சிகரெட் 'பட்', சாக்லேட் 'ராப்பர்', பாட்டில் 'கேப்', கப்பின் 'லிட்'. கடைசி இரண்டையும் நாம் மூடி என்று முடித்துவிடுவோம். பென்சிலால் கோடு போட்டு எண்ணும்போது கேப் எது, லிட் எது என்று பிள்ளைகளே சண்டை போட்டு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

கரையைப் பற்றி ஒரு வார்த்தை. 'லெஃப்ட் பேங்க்', 'ரைட் பேங்க்' என்றால் நாம் நிற்கிற திசையை வைத்துச் சொல்வதல்ல. தண்ணீர் ஓடுகிற திசையைப் பார்த்து நின்றால் இடக்கைப் பக்கம் இருப்பதுதான் இடக்கரை. இது தெரியாமல் இரண்டு குழுவைப் பிரித்து அனுப்பினால், இரண்டும் ஒரே கரையில் போய் நிற்கும். அப்புறம், எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்கிற பிடிவாதமும் வேண்டாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை ஆங்கிலத்தில் 'அனிகட்' என்கிறார்களே, அது நம் அணைக்கட்டேதான், அவர்கள் எடுத்துக்கொண்டு போனது. படித்துறையைப் 'படித்துறை' என்றே சொல்லிவிட்டு, குளிப்பதற்குக் கட்டிய கல்படி என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். தண்ணீரில் மிதந்து படர்கிற அமலைச்செடி மட்டும் விதிவிலக்கு, தென் அமெரிக்காவிலிருந்து வந்த அதற்கு 'வாட்டர் ஹயசிந்த்' என்கிற பெயர் எங்கும் செல்லும்.

ஆபத்து என்று வந்துவிட்டால் ஆங்கிலம் வேண்டவே வேண்டாம். உடைந்த கண்ணாடி, ஊசி, பாம்பு, சுழல், திடீரென்று ஏறுகிற தண்ணீர் எதுவானாலும் எல்லோருக்கும் உடனே புரிகிற தமிழில் கத்துங்கள். அந்த நேரத்தில் 'வாட்ச் அவுட்' என்று சொல்லிப் பழகுகிறேன் என்பது மடத்தனம். ஊசியைச் சின்னப் பிள்ளைகள் தொடவே கூடாது, கையுறை போட்டிருந்தாலும். இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. ஆற்றை அறிந்தவர்கள் பெரும்பாலும் கரையில் துணி துவைக்கிறவர்களும், தினமும் குளிக்க வருகிறவர்களும், மீன் பிடிக்கிறவர்களும். எங்கே பள்ளம், எங்கே பாசி வழுக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நம்முடைய ஆங்கிலக் கூச்சலில் அவர்கள் ஒதுங்கி நின்றுவிட்டால் வார்த்தையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அந்த அண்ணாச்சி சொல்வதை முதலில் தமிழில் கேளுங்கள், வேலை முடிந்து கரையேறிய பிறகு அதையே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பயிற்சிக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைக்காது.

திருத்துவதிலும் நிதானம் தேவை. எட்டாம் வகுப்புப் பையன் 'ஐ பிக்ட் டூ பாட்டில்' என்று சொன்னால், நாலு பேருக்கு முன்னால் நிறுத்தி "பாட்டில் இல்லடா, பாட்டில்ஸ்" என்றால் அன்றைக்கு அவன் வாய் மூடிக்கொள்ளும். 'டூ பாட்டில்ஸ்? குட், புட் தெம் ஹியர்' என்று பதில் சொல்லிவிட்டுப் போங்கள். சரியான வடிவம் அவன் காதில் விழுந்துவிட்டது, வேலையும் நிற்கவில்லை. பொருள் தப்பாகப் புரியும் என்றால் மட்டும் நிறுத்தித் திருத்தலாம்.

கடைசியாக, கையைக் கழுவி டீ குடித்து குரூப் போட்டோ எடுத்ததோடு எல்லாவற்றையும் மறந்துவிடுவது. படித்தது எவ்வளவு வேகமாக நினைவிலிருந்து நழுவுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-லேயே எழுதிவிட்டார், இடைவெளிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதே அதற்கு மருந்து. இங்கே அதற்கு வழி சுலபம், எடை போடுகிற இடமே முதல் மறுபார்வை. மூட்டையைத் தராசில் தொங்கவிட்டு ஒருவர் 'ஹௌ மச் டஸ் இட் வே?' என்று கேட்க, இன்னொருவர் சொல்ல, மூன்றாமவர் எழுதட்டும். துணி மூட்டை என்றால் தண்ணீர் வடிந்ததா இல்லையா என்பதையும் 'வெட்' அல்லது 'டிரை' என்று பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள், ஈரச்சேலையின் எடையை வைத்துப் பெருமையடிப்பது கணக்கே இல்லை. அப்புறம் இரண்டு நாள் கழித்து, யாராவது ஒரு பிள்ளை ஐந்தாறு வரியில் ஆங்கில அறிக்கை எழுதட்டும்: எங்கே, எந்தக் கரையில், என்ன எடுத்தோம், எவ்வளவு, எது வரவில்லை. பெரியவர்கள் எழுதிக்கொடுத்துவிடக்கூடாது. பாறைக்குள் மாட்டி வராமலே போன அந்தச் சேலைக்கு 'ஸ்டக்' என்று அவனே எழுதுகிறானா என்று பாருங்கள், எழுதாவிட்டால் அடுத்த வாரம் பாபநாசத்தில் அது இன்னும் அங்கேயேதான் கிடக்கும், காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.