கோழிக்கோடு இலக்கிய விழாவில் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போங்கள்

கேரள இலக்கிய விழா 2016 முதல் கோழிக்கோடு கடற்கரையில் நடக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து மூன்று முறை போய் வந்திருக்கிறேன். அனுமதி இலவசம். இப்போதெல்லாம் ஜனவரியில்தான் வைக்கிறார்கள். சில வருஷம் பொங்கலை ஒட்டியே வந்துவிடும், ரயிலில் இடம் கிடைக்காது. தேதி தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.

நான்கு நாள், ஒரே நேரத்தில் பல மேடைகள். நாளுக்கு மூன்று அமர்வு போதும். அதில் ஒன்றாவது மொழிபெயர்ப்பாளர் பேசுவதாக இருக்கட்டும். பிரபலங்களின் கூட்டத்தில் நிற்கவே இடமிருக்காது. இங்கே முன்வரிசையில் உட்காரலாம், முடிந்ததும் நிதானமாகப் பேசலாம்.

ஆனால் சும்மா போகாதீர்கள். ஏதாவது ஒரு புத்தகத்தை மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் பத்துப் பக்கமாவது படித்துவிட்டுப் போங்கள். நான் பெருமாள்முருகனின் 'பூக்குழி'யை அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலத்தோடு வைத்துப் படித்தேன். 2023இல் சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போன மொழிபெயர்ப்பு அது. எங்கள் கொங்குப் பேச்சு அங்கே என்னவாகிறது என்று பார்க்க அவ்வளவு ஆசை எனக்கு.

"மொழிபெயர்ப்பு கஷ்டமா?" என்று கேட்டால் "ஆமாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லைக் காட்டிக் கேளுங்கள். மலையாளத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் ஒருவரிடம், 'இக்கா' என்ற சொல்லை ஏன் அப்படியே விட்டீர்கள் என்று கேட்டேன். கேரள முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். முதலில் 'அண்ணன்' என்றுதான் போட்டாராம். "அண்ணன் என்றதும் அந்த வீடே வேறு வீடாகிவிட்டதம்மா" என்றார். அப்புறம் அரைமணி நேரம் உறவுப்பெயர்களைப் பற்றியே பேசினோம். அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பொருள் அதுதான்.

மலையாள அமர்வுகளுக்குத் தயங்க வேண்டாம், பாதி புரியும். தெரிந்த சொற்களிடம்தான் கவனம் வேண்டும். அவர்களுக்கு 'அவசரம்' என்றால் வாய்ப்பு. 'வெள்ளம்' என்றால் வெறும் தண்ணீர். கேட்ட சொல்லை நோட்டில் குறித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள், பிரியமாகச் சொல்வார்கள்.

மதிய வெயில் கடுமையானது. தொப்பி, தண்ணீர் பாட்டில் அவசியம். சாயங்காலம் கடற்கரையில் உப்பிலிட்ட நெல்லிக்காய், மாங்காய் விற்பார்கள், கட்டாயம் சாப்பிடுங்கள்.

ஒரு நாள் மிச்சமிருந்தால் பேப்பூருக்குப் பஸ் ஏறுங்கள். வைக்கம் முகம்மது பஷீர் வாழ்ந்த ஊர். அவரைத் தமிழில் படிக்கத் தந்தவர்களில் ஒருவரான குளச்சல் மு. யூசுப்பின் மொழிபெயர்ப்பு ஒன்றைப் பையில் வைத்திருந்தால் வழியெல்லாம் படித்துக்கொண்டே போகலாம்.