பளபளக்கிற பானை ஓடுகளை விடுங்கள், சமையல் சட்டி ஓடுகளைப் பாருங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளம் பக்கம் போனால் பானை ஓடு கண்ணில் படாமல் இருக்காது. வைகை கடலில் சேரும் இடத்தை ஒட்டி இருந்த சங்க காலத் துறைமுகம் அது. அந்தக் காலத்து ஊர்கள் யாரோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தன, யார் எங்கே போய்த் தங்கினார்கள் என்பதற்கெல்லாம் பெரும்பாலும் இந்த ஓடுகள்தான் சாட்சி, அதனால் அவற்றைப் பார்க்கிற முறையைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் விதி, எடுக்காதீர்கள். ஓடு கிடந்த இடத்தை விட்டு வந்துவிட்டால் அது சொல்லக்கூடியதில் பாதி போய்விடும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, போனில் லொகேஷனை ஆன் செய்து, படம் எடுங்கள். இறால் பண்ணைக்கோ வீட்டு அஸ்திவாரத்துக்கோ தோண்டும்போது குவியலாக வந்தால் தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ சொல்லிவிடுங்கள். கண்ணைப் பழக்கிக்கொள்ள ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில் தொல்லியல் துறையின் காட்சியகம் இருக்கிறது.

சரி, எங்கே பார்ப்பது? எல்லோரும் மேல்புறத்து அலங்காரத்தைப் பார்ப்பார்கள், நீங்கள் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். அங்கேதான் மண்ணின் உள்கட்டு தெரியும்: பருமணல் கலந்திருக்கிறதா, உமி எரிந்த குழி இருக்கிறதா, நடுவில் சாம்பல் நிறப் பட்டை ஓடுகிறதா (சூளையில் காற்றோட்டம் போதாவிட்டால் அப்படி வரும்). இத்தாலியில் நேப்பிள்ஸ் வளைகுடாப் பக்கம் செய்த ஆம்போரா ஜாடிகளில் (மது, எண்ணெய் ஏற்றி அனுப்பிய இரட்டைக் கைப்பிடி ஜாடிகள்) எரிமலையின் கறுப்பு மணல் மினுக்கும், வைகை மண்ணில் அது வராது. ஆக மண்ணே முகவரி.

அப்புறம் ஓட்டின் உட்புறம். சக்கரத்தில் வனைந்தது என்றால் மெல்லிய வளையக் கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடும், உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே கட்டையால் தட்டி வளர்த்தது என்றால் ஆழமில்லாத குழிகள் வரிசையாகத் தெரியும், மானாமதுரையில் கடம் தட்டுகிறவர்களைப் பார்த்திருந்தால் உடனே பிடிபட்டுவிடும். இது ஏன் முக்கியம் என்றால், மேலே இருக்கிற கோலத்தைச் சந்தையில் ஒருமுறை பார்த்தவரே காப்பியடித்துவிடலாம், தட்டுகிற பக்குவத்தையும் மண் கலக்கிற அளவையும் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும். இரண்டு ஊர்களில் கோலம் மட்டும் ஒன்றாக இருந்தால் பழக்கம் இருந்தது என்று வைத்துக்கொள்ளலாம். கைப்பக்குவமும் ஒன்றாக இருந்தால் பெண் கொடுத்து எடுத்திருக்கலாம், தொழில் கற்க ஆள் போயிருக்கலாம், குடும்பமே இடம் மாறியிருக்கலாம்.

அழகான ஓடு எப்படி ஏமாற்றும் என்பதற்கு ரௌலட்டட் தட்டு நல்ல உதாரணம். மெல்லிசான, வழவழப்பான தட்டு, உள்ளே அடியில் பொடிப்பொடியான புள்ளிகள் வட்டம் வட்டமாக இருக்கும். அழகன்குளத்திலும் கிடைத்திருக்கிறது. 1945இல் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் தோண்டிய ஆங்கிலேயத் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர், ரோமானியப் பொருட்களோடு கிடைத்ததால் இதையும் மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்றே எடுத்துக்கொண்டார். பிற்பாடு தொல்லியலாளர் விமலா பெக்லி இது இந்தியாவிலேயே செய்தது என்று வாதிட்டார், மண்ணின் கனிமங்களைச் சோதித்த வி. டி. கோக்டே கங்கைக் கழிமுகப் பக்கம் கை காட்டினார். அதே வகை அனுராதபுரத்திலும் பாலித் தீவின் செம்பிரனிலும் இருக்கிறது. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களை அந்தத் தட்டு வங்கக் கடல் பக்கம் திருப்பிவிட்டது.

ஆனாலும் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சமையல் சட்டிதான். நல்ல தட்டு விலைக்குப் போகும், சாதாரணச் சட்டியைக் கடல் கடந்து விற்பது குறைவு, பெரும்பாலும் சமைக்கிற ஆள் போனால்தான் அதுவும் போகும். எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் இந்தியச் சமையல் பானைகள் கிடைத்திருக்கின்றன, அதே கரையின் இன்னொரு துறைமுகமான குசேர் அல்-கதீமில் தமிழ் பிராமி (பழந்தமிழ் எழுத்து) பொறித்த ஓடுகளே வந்திருக்கின்றன. சரக்கோடு நம்மாட்களும் போய் அங்கே உலை வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்! அதனால் கரி பிடித்த, அழகில்லாத ஓட்டைத் தாண்டிப் போகாதீர்கள்.

கீறல் குறி இருந்தால் அதன் ஓரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். ஓரம் மழுங்கி, மண் லேசாக ஒதுங்கியிருந்தால் ஈரமாக இருக்கும்போதே போட்டது, அநேகமாகக் குயவர் கை. பொடியாகச் சில்லு பெயர்ந்திருந்தால் சுட்ட பிறகு கீறியது, பானையை வைத்திருந்தவர் போட்ட அடையாளமாக இருக்கலாம். ஒரே குறி இரண்டு ஊரில் இருப்பதை வைத்து உடனே ஒரே குலம் என்று முடிவு கட்ட வேண்டாம், எளிய குறிகளை யாரும் தனியாகவே யோசித்துவிடுவார்கள்.

இந்தக் கரைக்கே உரிய ஒரு எச்சரிக்கை. பெரியபட்டினம் பக்கம் பச்சையும் நீலமுமாகப் பளிங்கு மாதிரி மின்னுகிற ஓடுகள் வரும், அவை 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனச் சரக்கு. சங்க காலத்தோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். ஓரங்கள் உருண்டு தேய்ந்திருந்தால் அலை கொண்டு வந்து போட்டதாக இருக்கும், அதையும் குறித்து வையுங்கள். குறிக்கும்போது அழகானவற்றை மட்டும் பொறுக்காமல், ஒரு சிறு சதுரத்துக்குள் சாதா ஓடு எத்தனை, வெளியூர் ஓடு எத்தனை என்று எண்ணி எழுதினால் பின்னால் ஆய்வுக்கு வருகிறவருக்கு உண்மையிலேயே உதவும்.