பாய்லரின் வெளிக்குழாய் சொட்டுகிறதா? வால்வை மாற்றுவதற்கு முன் காற்றைப் பாருங்கள்

ரேடியேட்டர்களுக்குச் சுடுநீர் அனுப்பும் பாய்லரிலிருந்து வெளிச்சுவருக்கு ஒரு செப்புக் குழாய் வரும். பெரும்பாலும் 15 மி.மீ. விட்டம், வாய் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். அது எப்போதும் உலர்ந்தே கிடக்க வேண்டும். என் வீட்டில் அதன் கீழே சுவரில் பாசி படர்ந்த பிறகுதான் விஷயமே எனக்குப் புரிந்தது. அதுவரை ஒரு மாதமாக, பாய்லரின் அழுத்தத்தைக் காட்டும் கேஜின் முள் இறங்குவதும் நான் தண்ணீர் நிரப்புவதுமாகவே ஓடியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொட்டுகிறதே என்று அந்தக் குழாயை ஒருபோதும் அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் 3 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தொட்டால் சேஃப்டி வால்வு திறந்து, தண்ணீரை அந்த வழியாகத்தான் வெளியேற்றும்.

சரி, அழுத்தம் ஏன் ஏறுகிறது? 10 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடேறினால் 100 லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 3 லிட்டர் பெருக்கும். அதற்கு இடம் கொடுக்கத்தான் எக்ஸ்பான்ஷன் டாங்க் இருக்கிறது. நடுவில் ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்று போய்விட்டால் பெருகும் தண்ணீருக்குப் போக இடமில்லை, முள் விறுவிறுவென்று ஏறிவிடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு நாள் சும்மா கவனியுங்கள். குழாய் வாயில் ஒரு பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கட்டிவையுங்கள். ஆறியிருக்கும்போது கேஜ் 1 முதல் 1.5 பார் காட்ட வேண்டும். அரை மணி நேரம் ஹீட்டிங் ஓடியபின் 2 பாருக்குப் பக்கத்தில் நின்றால் டாங்க் நன்றாக இருக்கிறது. 3 வரை ஓடினால் டாங்கில் காற்றில்லை. ஹீட்டிங்கே போடாமல் இரவோடு இரவாக முள் ஏறியிருந்தால், தண்ணீர் நிரப்பும் இணைப்பின் வால்வு கசிகிறது. அந்த ஹோஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். முள் 2-ஐத் தாண்டாமலேயே பை நனைந்தால் மட்டும்தான் சேஃப்டி வால்வின் மேல் பழி போடலாம்.

டாங்க்தான் என்றால், கரண்டை நிறுத்தி, பாய்லர் முழுசாக ஆறும்வரை காத்திருங்கள். ரேடியேட்டர் பக்கம் போகும் இரண்டு வால்வுகளையும் மூடி, டிரெயின் வால்வில் ஹோஸ் மாட்டி, கேஜ் பூஜ்யம் காட்டும்வரை தண்ணீரை இறக்குங்கள். டிரெயினை மூடாதீர்கள், திறந்தே இருக்கட்டும்.

நான் சறுக்கியது இங்கேதான். தண்ணீரை இறக்காமலேயே டாங்கின் காற்று வால்வில் டயர் கேஜை வைத்தேன். 1.2 பார் காட்டியது. காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துப் புது சேஃப்டி வால்வு வாங்கி மாட்டினேன். இரண்டே நாளில் மறுபடி சொட்டு. ரப்பர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் தள்ளிய அழுத்தத்தைத்தான் கேஜ் காட்டியிருக்கிறது. தண்ணீரை இறக்கிவிட்டு அளந்தபோது முள் அசையவே இல்லை.

காற்று வால்வு கார் டயரில் இருப்பதைப் போன்றதுதான். நடு ஊசியை லேசாக அழுத்துங்கள். தண்ணீர் வந்தால் ரப்பர் கிழிந்துவிட்டது, டாங்கையே மாற்ற வேண்டும். தண்ணீர் வராவிட்டால் பம்பு அடியுங்கள். அடிக்க அடிக்க டாங்கில் தங்கிய தண்ணீர் டிரெயின் வழியாக வரும், பயப்பட வேண்டாம். அது நின்றபின் டாங்கின் லேபிளில் போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள், வழக்கமாக 0.75 முதல் 1 பார். உங்கள் கேஜ் பி.எஸ்.ஐ.யில் காட்டினால் 1 பார் என்பது 14.5.

பம்பு விஷயத்தில் என் ஓட்டு சைக்கிள் கைப்பம்புக்குத்தான். மின்சார கம்ப்ரசர் இந்தச் சின்ன டாங்குக்கு அதிகப்படி, கண்மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டிவிடும்.

பிறகு டிரெயினை மூடி, வால்வுகளைத் திறந்து, 1.2 பாருக்குத் தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டர்களில் காற்றை வெளியேற்றிவிட்டு, குறைந்த அளவை மீண்டும் நிரப்புங்கள்.

டாங்க் சரியாகியும் சொட்டு நிற்கவில்லையா? ஒருமுறை திறந்த சேஃப்டி வால்வில், மூடி உட்காரும் இடத்தில் கறுப்புத் துரு மண்டி மாட்டிக்கொள்ளும். அதன் குமிழைத் திருகி நாலைந்து நொடி தண்ணீர் பாயவிட்டால் சில நேரம் கழுவிக்கொண்டு போய்விடும். போகாவிட்டால் அதே 3 பார் வால்வாகப் பார்த்து மாற்றுங்கள். அதைத் தொட எரிப்பு அறையின் மூடியைக் கழற்ற வேண்டும் என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள்; அது உரிமம் உள்ள கேஸ் மெக்கானிக் வேலை.

பிற்சேர்க்கை: காற்று அடித்து மூன்று வாரத்தில் மீண்டும் இறங்கிவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். காற்று வால்வில் சோப்புத் தண்ணீர் தடவச் சொன்னேன். குமிழி வந்தது. உள்ளே இருக்கும் ஊசியை மட்டும் மாற்றியிருக்கிறார், அதற்குப் பிறகு இறங்கவில்லை.

இன்னொருவர் பையைப் பிளாஸ்டிக் குழாயில் கட்டிவிட்டு, தினமும் நிறைகிறது என்று பதறியிருந்தார். கண்டென்சிங் பாய்லரில் எரிவாயுப் புகையில் உள்ள நீராவி குளிர்ந்து தண்ணீராகி வெளியேறும் குழாய் அது. ஓடும்போது சொட்டத்தான் செய்யும். நீங்கள் பார்க்க வேண்டியது செப்புக் குழாயை.